ஓட்டக்காரர்களும் நாய்க்கடியும்: மதுரைப் பாதைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஓடுகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது வெயில்தான். எட்டு மணிக்குள் தார்ச்சாலை அனல் கக்கத் தொடங்கிவிடும் என்பதால் பலரும் நாலரை, ஐந்து மணிக்கே ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தெருநாய்கள் தெருவைத் தங்கள் காவலில் வைத்திருக்கும் கடைசி நேரமும் அதுவே. இரவெல்லாம் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், இருட்டுக்குள்ளிருந்து ஒருவர் தடதடவென்று ஓடி வந்தால், நாய்க்குத் தெரிவதெல்லாம் தன் எல்லைக்குள் வேகமாக நுழையும் ஓர் உருவம் மட்டுமே.

நாய்க்கடி என்றதும் நாயும் மனிதரும் நேருக்கு நேர் நிற்கும் அந்த அரை நிமிடத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அதைவிட முக்கியமானவை இரண்டு என்று நான் நினைக்கிறேன்: வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எடுக்கும் முடிவுகள், கடிபட்ட பிறகு வரும் முதல் பதினைந்து நிமிடம். ரேபிஸ் எனப்படும் வெறிநோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அறிகுறிக்கு முன்பே, முறையாக, முழுமையாகச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களோ அநேகமாக எல்லோரும் தப்பிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் சோப்புக்கும் தண்ணீருக்கும் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

1. பாதையையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதலில் நேரம். மதுரையில் சித்திரை, வைகாசியில் ஆறு மணி வாக்கில் சூரியன் உதிக்கிறது. தை மாதத்தில் ஆறரையைத் தாண்டிவிடுகிறது. உதயத்துக்கு அரை மணி முன்பே ஓரளவு கண் தெரியும். அந்த வெளிச்சம் வந்த பிறகு ஓடத் தொடங்குவதே என் முதல் பரிந்துரை. பால்காரரும் பேப்பர் போடுகிறவரும் ஒரு சுற்று வந்து போன பிறகு நாய்களின் காவல் தளர்ந்துவிடும். இருட்டில்தான் ஓடியாக வேண்டும் என்றால், ரேஸ்கோர்ஸ் மைதானம் போல வேலியும் விளக்கும் உள்ள இடத்தில் ஓடுங்கள். சாலை ஓட்டத்தை வெளிச்சமான நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதை. புதிய பாதை எதுவானாலும் முதல் முறை நடந்து பாருங்கள். எங்கே நாய்கள் கூட்டமாகப் படுக்கின்றன, எங்கே குப்பைத் தொட்டி இருக்கிறது, எங்கே இறைச்சிக் கடை, எங்கே இரவு பரோட்டாக் கடை என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். தீனி கிடைக்கும் இடத்தில்தான் நாய்க்கூட்டம் நிலைக்கிறது. தீனியைக் காக்கும் நாய் மற்ற நேரத்தைவிட எளிதில் சீறும். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கடை வாசலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கழிவு தெருமுனையில் கொட்டப்படும் பகுதிகளில் ஞாயிறு மாலையும் திங்கள் அதிகாலையும் வேறு வழியில் போவது நல்லது.

பொதுப் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தெப்பக்குளத்தைச் சுற்றியும் வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும் நடப்பவர்கள், ஓடுபவர்கள், குழந்தைகள், வளர்ப்பு நாயைக் கூட்டி வருபவர்கள் எல்லோரும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே தெருநாயைவிடக் கயிறு இல்லாத வளர்ப்பு நாயைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் உள்ள நாய்களும் குரங்குகளும் மனிதர் கையில் தின்பண்டம் இருக்கும் என்று பழகியவை. கையில் பையோடு ஓடாதீர்கள். அழகர்கோவில் பக்கம் குரங்குகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். குரங்கு கடித்தாலும் பூனை பிறாண்டினாலும் பின்வரும் கழுவும் முறையும் மருத்துவமனைக்குப் போவதும் அப்படியே பொருந்தும்.

நீண்ட தூரம் ஓடப் பழகுகிறவர்கள் ஊரைத் தாண்டி மேலூர், நத்தம், நாகமலைப் பக்கமெல்லாம் போகிறார்கள். கிராமத்துப் பாதையில் ஆபத்தின் இயல்பே வேறு. தோப்பு, கோழிப்பண்ணை, செங்கல் சூளை, குவாரி ஆகியவற்றில் இருப்பவை காவலுக்கென்றே வளர்க்கப்படும் நாய்கள். கோம்பை, சிப்பிப்பாறை, ராஜபாளையம் வகை நாய்களை ஓடி வெல்ல எந்த மனிதராலும் முடியாது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. கிடை நாய்க்கு அந்தப் பட்டிதான் உலகம். தூரத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, ஆடு மேய்க்கும் கீதாரியைக் குரல் கொடுத்து அழைத்து, "அண்ணே, இந்த வழியாகப் போகலாமா? நாயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகு நடந்து கடந்து போங்கள். ஒரு வார்த்தை பேசிவிட்டால் மறுநாள் அவரே முன்வந்து நாயை அதட்டுவார்.

குட்டி போட்ட தாய்நாய் உள்ள தெருவைச் சில வாரங்களுக்கு விட்டுவிடுங்கள். இதில் பிடிவாதம் பிடிக்க எதுவுமே இல்லை.

2. கூடவே எடுத்துச் செல்ல வேண்டியவை

ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு கைவிரல் அளவு சோப்புத் துண்டு, செல்போன், ஆட்டோவுக்குப் போதுமான பணம், இருட்டென்றால் ஒரு டார்ச். சோப்பைச் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம். இதை எடுத்துச் செல்கிறவர்கள் மிகக் குறைவு. எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஓடும் வழியில் தண்ணீர்க் குழாய் எங்கெங்கே உள்ளது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: கோவில் வாசல், பெட்ரோல் பங்க், டீக்கடை, தெருக்குழாய்.

இரண்டு காதிலும் ஹெட்போன் வேண்டாம். நாய் பெரும்பாலும் முதலில் குரைத்து எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை காதில் விழாதவர், அது காலருகே வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்.

3. நாய் துரத்தி வந்தால்

ஓட்டத்தை நிறுத்துங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். நேரம் பார்த்து ஓடுகிறவருக்கு நடுவில் நிற்பதே மனக்கஷ்டம். ஆனால் ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். கால் நின்றதும் துரத்தலுக்கான காரணம் பாதி போய்விடுகிறது. படுத்திருக்கும் நாய்க்கூட்டம் முன்னால் தெரிந்தாலே, இருபது முப்பது அடிக்கு முன்பே நடைக்கு மாறி, சாலையின் மறுபக்கம் போய், தாண்டிச் சற்றுத் தூரம் சென்ற பிறகு மீண்டும் ஓடுங்கள். குறிப்பாகத் தூங்கும் நாயை உரசிக்கொண்டு ஓடாதீர்கள். திடுக்கிட்டு எழும் நாய் யாரென்று பார்ப்பதற்குள் கடித்துவிடும்.

நாய் கிட்டே வந்துவிட்டால் செய்ய வேண்டியது இது. முதுகைக் காட்டாமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நில்லுங்கள். நாயின் கண்ணையே முறைத்துப் பார்க்காதீர்கள், ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைக் கடைக்கண்ணால் கவனித்துக்கொண்டே இருங்கள். கைகளை வீசாமல் உடலோடு சேர்த்து வையுங்கள். கத்திக் கூச்சலிடாமல், தாழ்ந்த, அழுத்தமான குரலில் "போ!" என்று ஒரு முறை, இரண்டு முறை சொல்லுங்கள். நம் ஊர்த் தெருநாய்கள் அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவை. அது தயங்கி நின்றதும், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். அதன் எல்லை முடியும் இடத்தில் பெரும்பாலும் அதுவே நின்றுவிடும்.

கல்லை எடுப்பது போலக் குனிவது நம்மிடையே பழைய உத்தி. தூரத்தில் நிற்கும் தனி நாய் அதற்குப் பின்வாங்குவது உண்மைதான். இரண்டு மூன்று அடி தூரத்தில் நாய் இருக்கும்போது குனிந்தால் உங்கள் முகம் அதன் வாய்க்கு நேரே வந்துவிடும். கூட்டத்தின் நடுவே குனிந்தாலோ பின்னால் நிற்கும் நாய் பாயும். கல்லெறிவதை நான் அறவே ஏற்கவில்லை. அடிபட்ட நாய் ஓடுகிறவர்களை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. நாளை அந்த வழியே ஓடி வரும் வேறொருவர் அதன் பலனை அனுபவிப்பார்.

பாய்ந்துவிட்டால் பாட்டில், தொப்பி, சட்டை என்று கையில் கிடைப்பதை உங்களுக்கும் அதன் வாய்க்கும் நடுவில் நீட்டுங்கள். நாய்க்கு எதையாவது கவ்வக் கொடுத்தால் உங்கள் சதை தப்பும். நின்றிருக்கும் பைக், கார் எதுவானாலும் அதை நடுவில் வைத்துச் சுற்றி வாருங்கள். கவ்விப் பிடித்துவிட்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் கடி கிழிசலாக மாறும். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடித்து வயிற்றோடு சேர்த்து, கைவிரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிச் சுருண்டு கிடங்கள். கழுத்தும் முகமும் காப்பாற்றப்பட வேண்டும், மற்றவை ஆறிவிடும்.

குரைக்காமல், காரணமின்றி, எதிரில் வந்தவரையெல்லாம் கடித்தபடி போகும் நாய், தாடை தொங்கி எச்சில் வடியும் நாய், கால் தடுமாறும் நாய் ஆகியவற்றிடம் மேலே சொன்ன எந்த உத்தியையும் நம்ப வேண்டாம். அருகில் உள்ள வீட்டு வாசலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். தெருவில் இருப்பவர்களையும் எச்சரியுங்கள்.

4. கடித்துவிட்டால்: முதல் பதினைந்து நிமிடம்

ஓட்டக்காரர்களுக்குக் கடி விழுவது பெரும்பாலும் கெண்டைக்காலில் அல்லது கணுக்காலில். முதலில் சாக்ஸைக் கழற்றுங்கள், இறுக்கமான முழுக்காற்சட்டை அணிந்திருந்தால் அதை மேலே சுருட்டிப் பாருங்கள். துணி கிழியாமலே தோலில் பல் பதிந்திருக்கலாம். வியர்வையில் எரிகிற கீறலையெல்லாம் "முள் கிழித்திருக்கும்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பிறகு கழுவுங்கள். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் இருக்கிறது. காயத்துக்குள் போய் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. சோப்பு அந்தக் கிருமியின் கொழுப்பு உறையையே கரைத்துவிடுகிறது. நரம்பைத் தொடும் முன்பே அதன் அளவைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. கழுவத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஓடுகிறவர் கையில்தான் எப்போதும் கடிகாரம் இருக்கிறதே.

கண்மாய்க் கரையிலோ வயல் நடுவிலோ குழாய் இல்லாவிட்டால், பாட்டில் தண்ணீரையும் சோப்புத் துண்டையும் வைத்து உடனே தொடங்குங்கள். தண்ணீர் தீர்ந்ததும் அருகில் உள்ள வீட்டுக் கதவைத் தட்டுங்கள். "அக்கா, நாய் கடித்துவிட்டது, குழாயில் கொஞ்சம் கழுவிக்கொள்கிறேன்" என்று சொன்னால் மதுரைப் பக்கம் யாரும் மறுக்க மாட்டார்கள். குழாய் கிடைத்த பிறகு மறுபடி முதலிலிருந்து பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரத்தம் பீறிட்டு அடித்தால் மட்டும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் மருந்து கிடைத்தால் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். அன்போடு ஓடி வந்து பூசுகிறவர் பாட்டியாகவே இருந்தாலும் கையைப் பிடித்துத் தடுங்கள். இவை காயத்தை எரித்துப் புண்ணாக்குமே தவிர, உள்ளே போன கிருமியைத் தொடுவதில்லை. இறுக்கிக் கட்டுப் போடவும் கூடாது. காயம் திறந்தே இருக்கட்டும்.

5. மருத்துவமனையில்

அன்றே போங்கள். மாலை அலுவலகம் முடிந்து போகலாம், நாளை பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம். நாய்க்கடி ஊசி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். நகருக்குள் பெரிய காயம் என்றால் நேராக அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போய்விடலாம். எங்கே போவது என்ற குழப்பம் இருந்தால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேளுங்கள்.

மருத்துவர் காயத்தை மூன்று வகையில் ஒன்றாகப் பிரிப்பார். காயமில்லாத தோலில் நாய் நக்கியது மட்டும் என்றால் முதல் வகை. அதற்குக் கழுவினால் போதும். ரத்தம் வராத சிறு கீறல், துணி மூடாத தோலில் பல் லேசாகப் பட்டது ஆகியவை இரண்டாம் வகை; இவற்றுக்குத் தடுப்பூசி வேண்டும். ரத்தம் வந்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே தோல் உரிந்த இடத்தில் நாய் நக்கியது, வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை. ஷூ கடித்துக் கொப்புளம் உடைந்த குதிகாலை நாய் நக்கினாலும் அது மூன்றாம் வகைதான் என்பதை ஓட்டக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வகைக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி போட்ட பிறகு உடல் தானாக எதிர்ப்பாற்றலை உண்டாக்கச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்புவதற்காக இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவார்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வந்த கடியாக இருந்து, தோளில் ஊசி போட்டு மட்டும் அனுப்பினால், "இம்யூனோகுளோபுலின் வேண்டாமா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அங்கே இருப்பு இல்லை என்றால் அது இருக்கும் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு உடனே போங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாட்களுக்குள் அதைப் போட்டாக வேண்டும்.

தையல் போடச் சொல்லி நீங்கள் வற்புறுத்தாதீர்கள். நாய்க்கடியில் தையலை முடிந்தவரை தவிர்ப்பார்கள், தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் செலுத்திய பிறகே போடுவார்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் இந்த ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.

6. ஊசி நாட்கள்

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பலரை மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பழைய தடுப்பூசி வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கையில், தோளுக்குக் கீழேதான் ஊசி, புட்டத்தில் போடக்கூடாது.

அரசு மருத்துவமனைகளில் பொதுவாகத் தோலுக்குள் சிறிதளவாக, இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். தசைக்குள் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. கணக்கு குழம்ப வேண்டாம்: தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி திங்கட்கிழமை என்றால், அடுத்தது அந்த வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசி ஊசி முதல் திங்களிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். செல்போனில் அன்றே அலாரம் வைத்துவிடுங்கள். காயம் ஆறிவிடுகிறது, ஓட்டம் பழையபடி தொடங்கிவிடுகிறது, கடைசி ஊசி மறந்துபோகிறது. இது சர்வசாதாரணமாக நடக்கிறது. கிருமிக்குக் காயம் ஆறியதோ ஆறாததோ ஒரு பொருட்டல்ல. கடித்து ஒன்று முதல் மூன்று மாதத்தில் நோய் வெளிப்படுவதே வழக்கம். அபூர்வமாக ஓராண்டுக்குப் பிறகும் வந்திருக்கிறது. ஒரு தவணை தவறிவிட்டால் விட்டுவிடாமல் உடனே போய் அதைப் போட்டு, மீதியைத் தொடருங்கள்.

ஊசிக் காலத்தில் கறி சாப்பிடக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்று பத்தியம் சொல்வார்கள். அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. காயம் ஆறும் வரை நடந்தால் போதும். காய்ச்சலோ உடல்வலியோ இருந்தால் ஓய்வெடுங்கள். பிறகு மெதுவாக ஓடலாம்.

ஏற்கெனவே முழுத் தவணை போட்டுக்கொண்டவரை மீண்டும் நாய் கடித்தால், கழுவுவது அப்படியே, ஊசி 0, 3 ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதனால் பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊருக்கு வெளியே அடிக்கடி தனியாக நீண்ட தூரம் ஓடுகிறவர்கள், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசுவது மிக நல்லது.

7. அந்த நாயை என்ன செய்வது?

அடித்துக் கொல்லாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது; அதோடு, அந்த நாய் உயிரோடு இருப்பது உங்களுக்குப் பயன்படும் தகவல். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய் பத்து நாட்களுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால், மீதி ஊசியை நிறுத்தலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் நாயைக் கவனித்துவிட்டுப் பிறகு ஊசி போடலாம் என்று மட்டும் காத்திருக்கக்கூடாது. ஊசி முதலில், கவனிப்பு அதன் கூடவே. அடையாளம் தெரியாத தெருநாய் என்றால் முழுத் தவணையையும் முடித்துவிடுங்கள். காது நுனி சிறிதாக வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்போது போட்டிருப்பார்கள். அதை நம்பி உங்கள் ஊசியைத் தவிர்க்கக்கூடாது.

கடித்த இடம், நேரம், நாயின் நிறம் ஆகியவற்றை எழுதி மாநகராட்சியில் புகார் கொடுங்கள், கிராமமென்றால் ஊராட்சியில். 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், வெறிநோய் கண்ட நாயையும் மூர்க்கமான நாயையும் பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது என்கிறது. ஒரே தெருவில் நாலைந்து பேர் கடிபட்டிருந்தால் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

வளர்ப்பு நாய் என்றால் உரிமையாளரிடம் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள், முகவரியும் கைபேசி எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் நாய் யாரையும் கடிக்காது, சார்" என்பார்கள். அவர்களைக் கடித்திருக்காது என்பது உண்மைதான். நாயைக் கவனக்குறைவாக விட்டுப் பிறருக்கு ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயோடு ஓட விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொதுப் பாதையில் கயிறு ஓராள் நீளத்துக்கு மேல் வேண்டாம், எதிரில் ஆள் வந்தால் நாய் உங்கள் மறுபக்கத்தில் இருக்கட்டும். பின்னாலிருந்து ஓடி வருபவரும் சற்று முன்பே "வலது பக்கம் வருகிறேன்" என்று குரல் கொடுத்து, நடைக்கு மாறிக் கடந்து போகட்டும்.

கடிபட்ட பாதைக்குத் திரும்பிப் போகும்போது மனம் படபடக்கும். முதல் சில நாட்கள் துணைக்கு ஒருவரோடு, நல்ல வெளிச்சத்தில், அந்தத் தெருவை நடந்தே கடந்து பாருங்கள். அந்த நாய் இன்னும் அங்கேயே சுற்றினால் புகாரை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரை வேறு தெரு வழியாக ஓடுங்கள்.